நாலு திராட்சை அரிஷ்டம்

சாவதற்குள் ஒரு தடவையாவது வெள்ளைக்கார ஒயினைக் குடித்துவிடுவது என்று 1976-இல் ஒரு வெள்ளிக்கிழமை முடிவு செய்தேன். காரணம், கையில் ஒரு குப்பி இருந்தது.

தி.நகரில் எனக்குப் பாத்திரக்கடை. பாண்டிச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் இரண்டு குத்துவிளக்கு வாங்கினார். விளக்கு பிடித்துப்போய், பிரான்சில் தன் தோட்டத்தில் செய்த ஒயின் என்று அதன் பெருமையெல்லாம் சொல்லி அந்தக் குப்பியைக் கொடுத்துவிட்டுப் போனார். இங்கே மதுவிலக்கு என்று சொல்ல வாய் திறந்தேன். நன்றி என்றுதான் வந்தது.

குப்பியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். மேல்படியில் என் மனைவி இசக்கியம்மாள் நின்றாள்.

"காலையில போகையில தொப்பை இல்லியே?"

"மருந்து. வாயுவுக்கு."

வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "அரிஷ்டம் கறுப்பால்லா இருக்கும்?"

"இது வெள்ளை அரிஷ்டம். நாலு ஜாதித் திராட்சை சேர்த்தது. உரம் கிடையாது, பூச்சிமருந்து கிடையாது. வெறும் எருதான்."

"இனிக்குமா?"

"துளிகூட இனிக்காது. அதுக்கு 'டிரை'ன்னு பேரு."

"டிரைன்னா காஞ்சதுல்லா? காஞ்சது எப்படிக் குப்பிக்குள்ள குலுங்குது?"

எனக்குத்தான் தொண்டை காய்ந்தது. அவள் மத்துக் காம்பால் தக்கையை உள்ளே தள்ளினாள். மல்லிகையும் எலுமிச்சைத் தோலும் கொய்யாவும் ஒன்றாகக் கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி ஒரு மணம்!

"நல்ல மணமாத்தான் இருக்கு. மருந்துன்னா பத்தியம் உண்டுமே. நாப்பத்தெட்டு நாள் உப்பு, புளி, மீன், காப்பி எதுவும் தொடக்கூடாது."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

மறுநாள் காலை, கைக்குழந்தைக்குப் புகட்டும் பாலாடையில் ஊற்றினாள். என் மூக்கை இறுக்கிப் பிடித்தாள். மணம் தெரியவில்லை. நாக்கு 'யார் அது?' என்று கேட்பதற்குள் அது வயிற்றுக்குப் போய்விட்டது. ஒரு வேளை மருந்து போதும் என்று குப்பியை எடுத்து வைத்துவிட்டாள். அவ்வளவுதான் என் ஒயின். அதற்குப் பிறகு மூன்று வேளையும் உப்பில்லாக் கஞ்சி.

நாலாம் நாள் மத்தியானம் கடையிலிருந்து சீக்கிரம் வந்தேன். படியிலேயே நெத்திலி வறுத்த வாசனை. உள்ளே இசக்கியம்மாளும் பக்கத்து வீட்டுச் சுப்பம்மாவும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பட்டினப்பாக்கத்து நெத்திலி. ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர். குப்பி காலி.

"என் மருந்து!"

"எங்களுக்கும் வாயு. நெத்திலிக்குத் தோதா இருக்குங்க, கொஞ்சம் புளிச்சாப்ல, நாக்குல சுருக்குன்னு" என்றாள் இசக்கியம்மாள்.

பொறுக்க முடியவில்லை. "அது மருந்தே இல்லடி! ஒயின்!"

சுப்பம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். இசக்கியம்மாள் வைக்கவில்லை.

"ஒயினா? மதுவிலக்கு ஊருல, போலீஸ் ஏட்டோட தங்கச்சி வீட்டுக்குள்ளயா கொண்டாந்திய? சாயந்திரம் எங்கண்ணன் வாராரு. நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?"

மச்சான் மீசை கண்ணுக்குள் வந்து நின்றது.

"இல்ல இசக்கி... மருந்துதான்."

"அப்படிச் சொல்லுங்க" என்று கஞ்சிச் சட்டியை என் பக்கம் நகர்த்தினாள். "இன்னும் நாப்பத்துநாலு நாள் இருக்கு."