ஓலை வாசித்த மிதவை

உலகத்தில் எவனும் எதையும் சொந்தமாகக் கண்டுபிடித்ததில்லை, எல்லாம் தன்னிடமிருந்து திருடியதுதான் என்று மனதார நம்பிய ஒரே மனிதர் எங்கள் ஊர் பேட்டன்ட் அண்ணன். முட்டத்துக்குப் பக்கத்துக் கடற்கரையில், நான் வேலை பார்த்த ஐஸ் பிளான்ட்டுக்கு அடுத்து, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

வினை செய்தித்தாளில் வந்தது. பெரிய ஸ்மார்ட்போன் கம்பெனிகள் இரண்டு, போனின் மூலையை முதலில் வளைத்தது நீயா நானா என்று வெளிநாட்டுக் கோர்ட்டில் மல்லுக்கட்டிய காலம். அண்ணன் படித்துவிட்டுத் துள்ளினார்.

"மக்கா, மூலைய வளைச்சதுக்கே கேஸுன்னா, நான் எம்புட்டு வளைச்சிருக்கேன்!"

அதன்பிறகு ஊரில் எவருக்கும் நிம்மதி இல்லை. டீக்கடைக்காரர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தால், "அது எனக்க ஐடியா." நான் பேனாவைக் காதில் செருகினால், "லேய், யாருட்ட கேட்டு செருகுன?" பங்குச் சாமியார் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்த ஒரு ஞாயிறு, அதற்கும் உரிமை கொண்டாடினார்.

ஆனால் ஒன்று நிஜமாகவே அவருடையது. கடலுக்குப் போகிறவர்களின் போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வலையில் கட்டும் மிதவை ஒன்றைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். தண்ணீரில் விழுந்தாலும் மிதந்தது. வாழ்க்கையில் அவர் தொட்டதில் உருப்பட்டது அது ஒன்றுதான். எதிர்க்கடை ஆன்டோவும் அதையே கட்டி விற்க ஆரம்பித்ததும் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

கோர்ட் என்றால் அவருக்குப் பயம். எங்கள் ஊரில் கல்யாணம் நிச்சயமானால் மாதா கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை என்று கல்யாண அறிவிப்பு வாசிப்பார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் சாமியாரிடம் சொல்லலாம். சொல்லாவிட்டால் கல்யாணம் உறுதி, பிறகு எவனும் வாய் திறக்க முடியாது. அண்ணன் நேரே சாமியாரிடம் போய் நின்றார்.

"சாமி, எனக்க மிதவைக்கு ஓலை வாசிக்கணும்."

"மிதவைக்கா? மாப்பிள்ளை யாருடே?"

"நான்தான் சாமி!"

சாமியார் சிரித்து முடித்து, சம்மதித்தார். முதல் ஞாயிறு கோயில் குலுங்கியது. இரண்டாம் ஞாயிறு பக்கத்து ஊர்க்காரர்களும் பூசைக்கு வந்தார்கள். மூன்றாம் ஞாயிறு ஆன்டோ எழுந்தான்.

"ஆட்சேபணை உண்டு சாமி. அண்ணனுக்க மிதவையில போன் குப்புற மெதக்கும். எங்க கெடக்குன்னு போன் அடிச்சுப் பாத்தா சத்தமே கேக்காது. எனக்க முடிச்சுல மலந்து மெதக்கும்."

பூசை முடிந்ததும் ஊரே கடற்கரைக்கு இறங்கியது. இரண்டு போன்களையும் தண்ணீரில் வீசி, ஆளுக்கொன்றாக அழைத்தோம். அண்ணனுடையது தண்ணீருக்குள் முனகியது. ஆன்டோவினுடையது மாதா பாட்டை ஊருக்கே கேட்கப் பாடியது.

முழங்கால் நனைந்து நின்ற அண்ணன் அழுதுவிடுவார் என்றே நினைத்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினார்.

"ஏலே ஆன்டோ, அந்த முடிச்ச எப்பிடில போட்ட?"

அடுத்த ஞாயிறு சாமியார் திருத்தி வாசித்தார். மிதவை பேட்டன்ட் அண்ணனுடையது, முடிச்சு ஆன்டோவினுடையது, ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கவும். பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"சோடிப் பொருத்தம் நல்லாத்தான் இருக்கு சாமி!"

இருவரும் ஒரே கடையில் கட்டி விற்றார்கள். பெரிய கம்பெனிகள் அப்போதும் கோர்ட்டில்தான் இருந்தன.

சில வருடம் கழித்து அதே கோயிலில் அண்ணனின் அடக்க அறிவிப்பை வாசித்தார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்ற வரிக்காகக் காத்திருந்தேன். அதை வாசிக்கவில்லை. எனக்கு ஆட்சேபணை இருந்தது.