இரண்டாவது ரிங்

இரும்புலியூரை விட்டு நகராமலேயே உலகம் முழுவதையும் கட்டி ஆண்டவர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் காலனியின் இன்டர்நேஷனல் சார்தான். பெயர் வைத்தது யார் என்று தெரியாது. எந்தப் பேச்சையும் “இன்டர்நேஷனல்ல என்னன்னா...” என்று தொடங்குகிறவருக்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும்? ஒருநாள் பால் தாமதமாக வந்தது. “இன்டர்நேஷனல்ல என்னன்னா, பேஸ்கட் பால்ல இருபத்தி நாலு செகண்டுக்குள்ள பந்தை ரிங்குக்கு எறியலேன்னா பந்து எதிர் டீமுக்குப் போயிடும், தெரியுமா?” என்று பால்காரரைப் பிடித்துக்கொண்டார். “அப்ப நாளைலேர்ந்து உன் பாலை எதிர் வூட்ல போட்டுர்றேன் சார்,” என்று அவர் சைக்கிளை மிதித்துவிட்டார்.

சார் இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். உயரம் ஐந்தடி ஒன்று. காலனிப் பெண்பிள்ளைகளுக்கு பேஸ்கட் பால் கோச், அவராகவே நியமித்துக்கொண்டது. சர்வதேச அனுபவம் என்று பார்த்தால், இளவயதில் நகரத்தில் வெளிநாட்டு அணிகள் ஆடிய ஒரு போட்டியில் தரையில் சிந்தும் வேர்வையைத் துணியால் துடைத்திருக்கிறார். “அஞ்சு நாட்டு வேர்வையைத் துடைச்ச கை இது,” என்று நீட்டிக் காட்டுவார். காலனி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான், அந்தக் கையில்தான் அவருடைய தாள்களைக் கொடுத்து வந்தேன்.

அவருக்கு இருந்த ஒரே மதம் பத்தடி. “ரிங் அமெரிக்காவுலயும் பத்தடி, ஆப்பிரிக்காவுலயும் பத்தடி, இரும்புலியூர்லயும் பத்தடி. அதுக்குப் பேர்தான் இன்டர்நேஷனல்,” என்பார். ஆனால் எங்கள் ஊரில் வெள்ளம் வரும். வெள்ளம் வடிந்ததும் தரையை உயர்த்துவார்கள். இரண்டு முறை உயர்த்தியதில் ரிங் ஒன்பதே கால் அடிக்கு இறங்கிவிட்டது. சார் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் நின்று, “முக்கால் அடி தேசத்துரோகம்,” என்று முணுமுணுத்ததை நானே கேட்டேன்.

உயரம்கூடப் பெரிய குறையில்லை. ஆட்டத்துக்கு வேண்டியது இரண்டு ரிங். எங்களிடம் இருந்தது ஒன்று. இரண்டாவது ரிங் வரவேண்டிய இடத்தில், நலச்சங்கச் செயலாளரின் வெள்ளைக் கார் துணியுறை போர்த்திக்கொண்டு நின்றது. சார் அதற்கும் ஒரு விதி செய்தார். எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தால், ஓடிப்போய் அந்தக் காரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, இருக்கும் ஒரே ரிங்கில் போட வேண்டும். தொட்டால் கார் அலாரம் ஊளையிடும். வேறு காலனிகளில் விசில், எங்கள் காலனியில் அலாரம். செயலாளர் பால்கனிக்கு வந்து, “சார், இது வண்டி சார், கோயில் மணி இல்ல,” என்பார். “காரை எடுங்க, கையை எடுக்கறேன்,” என்பார் இவர்.

அணியின் நட்சத்திரம், கோவளத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் அக்காவின் மகள். அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு ஆட்டத்தைப் பார்ப்பார்.

“இன்னா சார் இது, அடில ஓட்டையா கீற வலைல பந்தைப் போட்டுகினு. எங்காளு இந்த மாதிரி வலை எத்துகினு கடலுக்குப் போனா வூட்ல சோறு வேவாது.”

“மொதல்ல அடி மூடின கூடைதாம்மா. ஒவ்வொரு தடவையும் ஏணி வெச்சு ஏறி பந்தை எடுத்தாங்க. அப்புறம்தான் ஓட்டை போட்டாங்க. இன்னிக்கு ஒலிம்பிக்ஸ்லயே இருக்கு.”

“ஓட்டை போடணும்னு அப்புறந்தான் தோணிச்சா? நல்லா வெளங்கிடும்.”

அந்த அணியைச் சார் பம்மலுக்கு ஒரு போட்டிக்கு அழைத்துப் போனார். நானும் ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன். இரண்டு ரிங் உள்ள மைதானத்தைப் பிள்ளைகள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். ஆட்டம் தொடங்கியதும் அக்காவின் மகள் பந்தைப் பறித்தாள். மின்னலாக ஓடினாள். எதிரே ஆள் இல்லை. எதிரணி ரிங்குக்கு அடியில் போய், கம்பத்தை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வந்த வேகத்திலேயே திரும்பி ஓடிவந்து, சொந்த ரிங்கில் அழகாகப் போட்டாள். இரண்டு பாயிண்டும் எதிரணிக்கு. மைதானமே சிரித்தது. நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்ததால் அதுவும் சேர்ந்து சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பும்போது ஆட்டோவில் அந்தப் பெண் அழுதுகொண்டே வந்தாள். “உன் தப்பு இல்லம்மா. அது கார் தப்பு,” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த வருடப் பொதுக்கூட்டத்துக்கு அவர் எழுதிய மனு நான்கு பக்கம். ‘உலக நாடுகள் அனைத்திலும் மைதானத்துக்கு இரண்டு பக்கம் இருக்க, நம் காலனியில் மட்டும் ஒரு பக்கமும் ஒரு காரும் இருப்பது...’ என்று தொடங்கியது. மனுவை நகல் எடுக்க வந்தவரின் முகத்தைப் பார்க்க எனக்கு ஒருமாதிரியாக இருந்தது. யாரிடமும் தானாகப் பேசாத நான், அன்று ஆறுதலாக ஏதாவது செய்ய நினைத்தேன். என் பையன் காட்டியிருந்த ஒரு வீடியோவைப் போனில் போட்டேன். உலக அளவில் நடக்கும் ஆட்டம். பக்கத்துக்கு மூன்று பேர், பாதி மைதானம், ஒரே ரிங். பந்து கைமாறினால் வளைகோட்டுக்கு வெளியே போய்த்தான் திரும்ப வரவேண்டும்.

“நாம கார் தொடற மாதிரியே இருக்கு சார்,” என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். ஆதார் நகல் எடுக்க வந்து அவருக்குப் பின்னால் நின்றிருந்த செயலாளரும் பார்த்தார்.

கூட்டத்தில் நான்கு பக்க மனுவைச் சார் படித்து முடிக்கும்வரை செயலாளர் மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு தன் போனை உயர்த்திக் காட்டினார். “சார், இன்டர்நேஷனல்லயே இப்ப ஒரு ரிங்தானாம். ஒலிம்பிக்ஸ்லயும் இருக்காம். நாம ரொம்ப வருஷமா கரெக்டாத்தான் இருந்திருக்கோம்.” ஒரே கைதட்டல். ‘காலனி மைதானம் சர்வதேசத் தரத்தில் உள்ளது’ என்று தீர்மானம் எழுதி, ஆலோசனை வழங்கியதற்காக சாருக்கு நன்றியும் சேர்த்தார்கள். சார் நான்கு பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

நான் பத்து நாள் அவர் கண்ணில் படாமல் இருந்தேன். பதினோராம் நாள் அவரே கடைக்கு வந்தார். ஓசூரில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொன்னார்.

“அந்த வீடியோவை நான் காட்டியிருக்கக் கூடாது சார். தெரியாம செஞ்சிட்டேன்.”

“தெரியாம பட்டாலும் ஃபவுல் ஃபவுல்தான் தம்பி. எங்க காலத்துல ஃபவுல் பண்ணவன் கையைத் தூக்கணும். ரூல்.”

கடையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். சார் ஸ்டூலில் நிற்கும்போது அளவு பார்ப்பாரே, அப்படி அண்ணாந்து பார்த்தார். “இன்னும் கொஞ்சம் மேல. ஆங், போதும்.” மனுவின் மூலப்பிரதியை என் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

போன மாதம் இந்த வருடப் பொதுக்கூட்டம். “வேற யாருக்காவது ஏதாவது உண்டா?” என்று செயலாளர் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டே கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

“ஜெராக்ஸ் சாரா? நீங்க பேசி நான் பார்த்ததே இல்லையே.”

“ரெண்டாவது ரிங்,” என்றேன். சாரின் நான்கு பக்கத்தையும் மேஜையில் வைத்தேன். பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். கார் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காரின் உறைக்கு மேலேயே உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினேன். அலாரம் அடித்த அடியில் ஓசூர் வரைக்கும் கேட்டிருக்கும்.