கரிசலாங்கண்ணி தடவிய ஓட்டுக் கடிதங்கள்

எதையும் மூன்று முறை யோசித்துச் செய்கிறவள் நான். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்ப்பேன். பார்த்துவிட்டுக் கிளம்பியபின், பார்க்கும்போது கை பட்டுத் திறந்திருக்குமோ என்று யோசிப்பேன். இப்படிப்பட்டவள்தான், யோசித்து யோசித்து, உயிரோடு நன்றாக இருந்த ஒரு பெண்ணுக்குச் சாவு மாலை வரவழைத்தேன்.

சில வருடங்களுக்கு முன் நடந்த நகராட்சித் தேர்தல் அது. போடியில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு ஓடை. மழைக்காலத்தில் தண்ணீர், மற்ற நாளில் குப்பை. அந்தக் குப்பையைக் காலையில் கொளுத்திவிடுவார்கள். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. புகை வந்தால் அவளுக்கு மூச்சு இழுக்கும். ஜன்னலைச் சாத்துவேன், காற்று வேண்டாமா என்று திறப்பேன், புகை வருகிறதே என்று மறுபடி சாத்துவேன். காலை நேரமெல்லாம் இப்படியே கழியும்.

எதிர்வீட்டுத் தங்கம் அக்கா என்னைப்போல ஜன்னலோடு மல்லுக்கட்டவில்லை. ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் வேலை அவருக்கு. புகையைப் பார்த்தால் வேலைக்குக் கிளம்பிய சேலையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் தீயை அணைப்பார். 'ஓடையில தீ வைக்க விடமாட்டேன்' என்ற ஒரே வாக்குறுதியோடு அந்தத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். சின்னம், வாளி. (கேட்டு வாங்கினாரா, தானாக அமைந்ததா என்று இன்றுவரை சொல்லவில்லை.)

எங்கள் வார்டில் ஓட்டு உள்ளவர்களில் நிறையப் பேர் போடிமெட்டுக்கு மேலே, கேரளப் பக்கத்து எஸ்டேட்டில் தங்கி வேலை செய்பவர்கள். அக்காவும் பல வருடம் அங்கே இருந்தவர்தான். அவர்கள் தேர்தலன்று இறங்கி வந்தால் அக்கா ஜெயிப்பார். வராவிட்டால் ஓடை எரிந்துகொண்டே இருக்கும். மேலே போனில் சிக்னல் கிடைக்காது. நேரில் போய்க் கேட்க எனக்கு வாய் வராது. அதனால் கடிதம் போடுகிறேன் என்று நானே ஏற்றுக்கொண்டேன்.

நாற்பது அஞ்சலட்டைகள். எடுத்த எடுப்பில் ஓட்டுக் கேட்டால் மரியாதையாக இருக்குமா என்று ஒரு யோசனை. ஆகவே அக்காவின் பெயரில் தொடங்கி, அவருடைய உழைப்பு, நல்ல மனசு எல்லாவற்றையும் வரிசையாகப் புகழ்ந்து, ஓட்டை மட்டும் கடைசி வரியில் வைத்தேன். அட்டையின் மூலைகள் வெறுமையாக இருந்தன. மஞ்சள் தடவலாம் என்றால், கல்யாணப் பத்திரிகை என்று மொய்க்கவரோடு வந்துவிட்டால் என்ன செய்வது? சுற்றுச்சூழலுக்காக நிற்கிற வேட்பாளருக்குப் பச்சைதானே பொருத்தம்? கடைச் சாயம் வேண்டாம் என்று, ஓடைக்கரையில் முளைத்திருந்த கரிசலாங்கண்ணியைப் பறித்து அரைத்து, நான்கு மூலைகளிலும் சாற்றைத் தொட்டு வைத்தேன். தளிர்ப் பச்சை, கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சி. இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் எனக்கு மனம் மாறிவிடும் என்று, ஈரம் காய்வதற்குள் கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் இரண்டு ஜீப்புகள் தெருவுக்குள் வந்து நின்றன. இறங்கிய பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டே அக்கா வீட்டை நோக்கி நடந்தார்கள். பின்னால் ஆண்கள் ரோஜா மாலையோடு. வாசலில் குடத்தை விளக்கிக்கொண்டிருந்த அக்கா, சாம்பல் கையோடு எழுந்து நின்றார்.

"ஏய் மூக்கம்மா, யாருக்குடி என்ன ஆச்சு?"

முன்னால் வந்த, அக்காவோடு எஸ்டேட்டில் வேலை செய்த மூக்கம்மாளின் ஒப்பாரி பாதியில் நின்றது. அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்குத்தான் ஆத்தா" என்றார். "கார்டு வந்துச்சே."

"எனக்கு ஒண்ணுமில்லடி. கொடம் வெளக்கிக்கிட்டிருக்கேன்."

"அதான் எங்களுக்கும் தெரியுதுல்ல."

எங்கள் வாசலில் நின்ற எனக்குக் 'கார்டு' என்றது காதில் விழுந்தது. வீட்டுக்குள் ஓடி, விலாசம் தெரியாமல் பீரோ மேல் மிச்சம் வைத்திருந்த நாலைந்து அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். பச்சையைக் காணோம். நான்கு மூலைகளும் மைக்கருப்பு. தலைமுடி கருப்பாகட்டும் என்று எத்தனை வருடமாக அந்தச் சாற்றில் எண்ணெய் காய்ச்சித் தேய்க்கிறேன். அட்டையில் பட்டாலும் அது கருப்பாகத்தான் ஆகும் என்று தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் மூலையில் கருப்புத் தடவிய கடிதம் வந்தால் சாவுச் செய்தி. பெயரை மட்டும் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வாசலிலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். கடைசி வரி வரைக்கும் யார் படிப்பார்கள்?

அட்டைகளை அடுப்பில் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அட்டையை நீட்டியபடி வாசலுக்கு வந்தேன். (குழந்தையோடு நிற்பவளை அடிக்க மாட்டார்கள் என்ற கணக்கும் இருந்தது.) யாரும் அடிக்கவில்லை. மூக்கம்மாள்தான் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் எதுவரை படித்திருக்கிறேன் என்று விசாரித்தார். எம்.எஸ்சி. என்றேன். அட்டையை என்னிடம் தராமல் மகள் கையில் கொடுத்தார்.

அன்று அக்கா வீட்டில் பெரிய பானையில் சோறு பொங்கியது. செத்துப்போனவரே கரண்டி பிடித்துப் பரிமாற, அழ வந்தவர்கள் பழைய எஸ்டேட் கதைகளைச் சொல்லிச் சிரித்துச் சாப்பிட்டார்கள். ரசத்தில் யாரோ ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தார்கள். அந்த மணமும் முற்றம் நிறைந்த அந்தச் சிரிப்பும் இப்போதும் ஏதாவது ஒரு மத்தியானத்தில் நினைவுக்கு வந்து, என்னைத் தனியே சிரிக்க வைக்கும்.

கிளம்பும்போதுதான் மூக்கம்மாள் அந்த விஷயத்தைச் சொன்னார். "இழவுன்னு சொல்லி லீவு வாங்கியாச்சு தங்கம். சனிக்கெழமை ஓட்டுக்குன்னு மறுபடி கேட்டா சூப்பர்வைசர் விடமாட்டான். கேரளாப் பக்கம் இப்ப ஏது எலக்சன்?"

சொன்னபடியே அவர்களால் வர முடியவில்லை. அக்கா பதினோரு ஓட்டில் தோற்றார். ஜீப்பில் வந்தவர்கள் இருபத்திமூன்று பேர். இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா வீட்டுக்குப் போய் அழுதேன். "அழுதுட்டுப் போனவங்க போதும், நீ வேற எதுக்கு?" என்று காபி கொடுத்தார்.

ஆனால் ஜெயித்தவர் அந்த இரண்டு ஜீப்புகளைப் பார்த்திருந்தார். பதவி ஏற்ற மாதத்திலேயே ஓடைக்குக் குப்பை வண்டி வந்தது, கொளுத்துவது நின்றது. டீக்கடையில் என் கணவரிடம் அவர் சொன்னாராம்: "செத்துட்டாகன்னதுக்கே மலையிலருந்து இத்தன பேரு எறங்குனா, உசுரோட கூப்பிட்டா எத்தன பேரு வருவாகளோ? எதுக்குண்ணே வம்பு."

மகளுக்கு இப்போது மூச்சு இழுப்பதில்லை. தெரு முழுக்க ஓடுகிறாள். எங்கள் வீட்டுக்கு யார் விருந்தாளி வந்தாலும் என் கணவர் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். எதிர்வீட்டிலிருந்து தங்கம் அக்காவே வந்து உட்கார்ந்து, விட்டுப்போனதை எடுத்துக் கொடுப்பார். போன வாரம் கதை முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த எலக்சன்லயும் நிக்கப் போறேன். நீ எழுத வேணாம்னு சொல்லமாட்டேன் தாயி, தாராளமா எழுது. ஆனா எனக்குப் போடச் சொல்லி எழுதாத. என்னைய எதுத்து நிக்கிறவனுக்குப் போடச் சொல்லி எழுது."