கே.பி.பி.: எட்டாயிரத்தில் ஸ்ட்ராங் சப்போர்ட்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு அந்தப் புடவையை முதலில் பார்த்தேன். அப்போதுதான் தறியிலிருந்து இறக்கியிருந்தார்கள். மயில்கழுத்து உடல், அரக்கு பார்டர், முந்தியில் அன்னத்துக்குப் பதில் யாளி வரிசை. யாளிதான் வேண்டும் என்று அக்கா சொல்லி நெய்ய வைத்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. அக்கா சுமதிக்கு மூன்று வாரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் திண்டிவனத்துக்காரர்கள். "பட்டு ஊருலயே இருக்கீங்க, முகூர்த்தப் புடவைய நீங்களே நல்லதா எடுத்துடுங்க" என்று பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். அப்பா மண்டபம், சமையல், பத்திரிகை என்று அலைந்துகொண்டிருந்ததால் பணம் என் கைக்கு வந்தது. குடும்பம் செய்த பெரிய தவறு அது.

எனக்கு அப்போது வேலை கிடையாது. அலுவலகம் மட்டும் இருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஓரத்து நாற்காலி. பங்குச்சந்தைக்காரர்கள் கூடும் ஒரு மெசேஜ் போர்டில் நாள் முழுக்கக் குடியிருந்தேன். (என்னிடம் ஒரு பங்குகூட இல்லை. அங்கே அறிவுரை வழங்க அது தடையே இல்லை.) எனக்குப் பிடித்தது அந்தப் பாஷை. இன்றைய விலை என்று எவரும் எழுத மாட்டார்கள், சி.எம்.பி. தான். இறங்கும்போது வாங்கு என்றால் பி.ஓ.டி. நஷ்டத்தை நிறுத்திக்கொண்டு வெளியேறும் விலை எஸ்.எல்., லாபத்தோடு விற்க நினைக்கும் விலை டார்கெட். ஒரே மாதத்தில் வீட்டிலும் இதே பேச்சு. தண்ணீராக இருந்த சாம்பாரை, ஒரே நாளில் இதற்குமேல் விழ முடியாத பங்கைச் சொல்வதுபோல், "லோயர் சர்க்யூட்" என்றேன். அம்மா கரண்டியைக் காட்டினாள்.

தறி முதலாளி கன்னியப்பன் அண்ணன் புடவையை மடித்தபடி சொன்னார்: "ஒம்போதாயிரத்து ஐந்நூறுப்பா. அட்வான்சாவது குடுத்துட்டுப் போ. வெள்ளிக்கிழமை மெட்ராஸ் பார்ட்டி வருது."

கையில் முழுப் பணமும் இருந்தது. ஆனால் சீனியர்களைக் கேட்காமல் எண்ட்ரி எடுக்கலாமா?

போர்டில் பங்கு தவிர வேறு எதைக் கேட்டாலும் விரட்டுவார்கள். ஆகவே காஞ்சிப் பட்டுப் புடவையைச் சுருக்கினேன்: "கே.பி.பி., சி.எம்.பி. 9500. வாங்கலாமா? சீனியர்ஸ், ப்ளீஸ்."

பத்து நிமிடத்தில் பதில்கள் கொட்டின. 'சூரத் சிங்கம்' எழுதினார்: "ஆபரேட்டர் கேம், யாரோ வேண்டுமென்றே விலையை ஏற்றுகிறார்கள். அவசரப்படாதே. பி.ஓ.டி." 'புல் பாபு': "8000-இல் ஸ்ட்ராங் சப்போர்ட், அதற்குக் கீழே இறங்காது. அங்கே அள்ளு." இன்னொருவர், தான் நானூறு ரூபாயிலிருந்தே கே.பி.பி. வைத்திருப்பதாகவும், எது வந்தாலும் விற்கப்போவதில்லை என்றும் எழுதினார். கே.பி.பி. என்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

அது புடவை என்று உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படியிருந்தும் நானூறு ரூபாய்க்காரர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

மறுநாள் போய்க் கன்னியப்பனிடம் சொன்னேன்: "அண்ணே, கரெக்‌ஷன் வரும்போல இருக்குது, வெல எறங்கும். எட்டாயிரத்துல சப்போர்ட் இருக்குது."

"யாருப்பா சப்போர்ட்டு பண்றாங்க?"

"சூரத்துல பேசிக்கிறாங்க."

"சூரத்துல என்னாத்துக்குப்பா நம்ம யாளிய பத்திப் பேசிக்கினு இருக்காங்க?" என்றவர், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வெள்ளி மாலை மெட்ராஸ் பார்ட்டி புடவையோடு போய்விட்டது. இன்னொன்று நெய்ய நாள் இல்லை.

அக்கா முதலில் அழுதாள். பிறகு பேசினாள். அழுகையே தேவலை என்று தோன்றியது. "தாலி கட்டும்போது நான் டார்கெட்ட சுத்திக்கினு உக்காரட்டுமாடா? வரச்சொல்லுடா அந்த சூரத்துக்காரன, அவனே வந்து மணையில உக்காரட்டும்!"

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சட்டையை மாட்டினார். அவர், அக்கா, நான் மூவரும் தி.நகருக்குப் பேருந்து ஏறினோம். (ஊரே பட்டு வாங்க எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த அதே சாலையில், எதிர்த்திசையில்.) மூன்றாவது கடை, இரண்டாவது மாடி. விற்பனையாளர் ஒரு புடவையை உதறி விரித்தார். மயில்கழுத்து, அரக்கு, யாளி.

அக்கா என் கையைக் கிள்ளியதில் ரத்தம் கட்டியது.

"ஒரிஜினல் காஞ்சிபுரம் சார், நேரா தறியிலேர்ந்து வருது" என்றார் விற்பனையாளர். "உங்களுக்கு எந்த ஊரு?"

"வேலூர்" என்றார் அப்பா, கண் இமைக்காமல்.

பிறகு விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பத்தொன்பதாயிரத்து எண்ணூறு. என் பக்கம் திரும்பி, பந்தியில் மோர் கேட்பவர் குரலில் கேட்டார்: "இப்ப சி.எம்.பி. என்னாடா?"

அப்பா அந்தப் பாஷையைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மீதிப் பணத்துக்கு என் சைக்கிளும் அம்மாவின் சீட்டுப் பணமும் போயின. கல்யாண மண்டபத்தில் புடவை தி.நகர் கடைப் பையோடு திண்டிவனத்தார் முன் வைக்கப்பட்டது. சம்பந்தியம்மா பையின் இரண்டு பக்கமும் படித்துவிட்டுக் கேட்டார்: "ஏன் சம்மந்தி, காஞ்சிபுரத்துல புடவ கெடைக்கலயா?"

அப்பா என்னைப் பார்த்தார். மண்டபமே என்னைப் பார்த்தது. சமையல்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

உண்மையை அன்று மாலையே அக்கா மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டில் யார் எதை வாங்கினாலும், வெண்டைக்காயானாலும் வீட்டுமனையானாலும், "எண்ட்ரி எடுத்தாச்சா, மச்சான்?" என்று இன்றும் எனக்கு ஒரு போன் வரும்.

சில ஆண்டுகள் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்து வழக்கப்படி புடவை எடுக்கவேண்டியது மாப்பிள்ளை வீடு. அம்மா, அக்கா, அக்காவின் கணவர் மூவரும் போய் எடுத்து வந்தார்கள். அது என்ன நிறம் என்று நான் தெரிந்துகொண்டது மணமேடையில்.