முன்னறையும் நாட்டுக்குள்தான்

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நேற்று இந்த வரியை எழுதியிருந்தால் பொய்யாகியிருக்கும், அதனால்தான் ஒரு நாள் பொறுத்து எழுதுகிறேன். அம்மா போனில் அழுததைக் கேட்டு உங்களுக்குச் சாப்பாடே இறங்கவில்லை என்று சித்தப்பா சொன்னார். இனி தாராளமாகச் சாப்பிடுங்கள்.

நடந்தது இதுதான். 'நான் ஜனாதிபதியானால்' என்று எங்கள் தலைமையாசிரியை கட்டுரை எழுதச் சொன்னார். நான் வரிகளைக் குறைத்தேன், ஆறுகளைச் சுத்தம் செய்தேன், பக்கத்து நாடுகளோடு சமாதானமானேன், கடைசியில் யாரும் பொய் பேசக் கூடாது என்று ஒரு சட்டமும் போட்டேன். சாப்பிடும்போது இதைப் படித்துக் காட்டியதும், பஸ் ஓட்டிக் களைத்து வந்திருந்த அப்பா, நாட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஒரு வாரம் இந்த வீட்டை ஆண்டு காட்டு என்றார். வீட்டில் ஆறு கிடையாது என்பதால் பொய்ச் சட்டம் மட்டும் அமலுக்கு வந்தது. அம்மாவின் தையல் கடை முன்னறையில்தானே இருக்கிறது, அதுவும் நாட்டுக்குள் வருமா என்று அப்பா கேட்டார். வரும் என்று நான் யோசிக்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் அண்ணன், வழக்கமான வயிற்றுவலிக்குப் பதிலாக, காலேஜுக்குப் போகப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டான். உண்மை என்பதால் ஜனாதிபதியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் தலைமையாசிரியையே தைக்கக் கொடுத்திருந்த கோட்டை வாங்க வந்துவிட்டார். இந்த வருடம் பள்ளிச் சீருடை முழுவதையும் அம்மாவிடமே தருவதாக அவர் பாதி வாக்குக் கொடுத்திருந்தது உங்களுக்குத் தெரியும். அதை நம்பி இரண்டாவது மெஷினுக்கு இடம் பண்ண அம்மா கட்டிலைக்கூட நகர்த்திப் போட்டாச்சு. கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தவர், எப்படி இருக்கு, கூச்சப்படாம சொல்லுங்க என்றார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டியதை, தயங்காதே என்று சொல்வதாக எடுத்துக்கொண்டார் போல.

"மேடம், இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இல்ல. அளவெடுத்த அன்னைக்கு நீங்க மூச்சை இழுத்துப் பிடிச்சுட்டு நின்னீங்க, அதான் பொத்தான் எட்டல."

தலைமையாசிரியை கோட்டைக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டு உங்களுக்குப் போன் போட்டது அப்போதுதான். நான் அந்த நிமிடமே பதவி விலகினேன். ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்காத ஆட்சி என்று அண்ணன் போர்வைக்குள்ளிருந்து சொன்னான்.

இன்று என்ன ஆச்சு தெரியுமா சித்தி? அவர் அந்தக் கோட்டை எப்படியோ இழுத்து மாட்டிக்கொண்டு ஆசிரியர் கூட்டத்துக்குப் போயிருக்கார். டீச்சர்கள் எல்லாரும் பிரமாதம், பத்து வயசு குறைஞ்சு தெரியுதுன்னு சொல்லியிருக்காங்க. அவர் சந்தோஷமா உட்கார்ந்த உடனே நடுப்பொத்தான் தெறிச்சு, கணக்கு சாரோட டீ கப்புல போய் விழுந்துடுச்சாம். பள்ளி விட்டதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"எல்லாரும் அழகா இருக்குன்னாங்க, நம்பிப் போய் மானம் போச்சு. சீருடையை நீங்களே தைங்க, எனக்கு மறைக்காமச் சொல்ற ஆள் வேணும்," என்றவர், கையை அகல விரித்துக்கொண்டு நின்றார். "இப்ப அளவெடுங்க. மூச்சை விட்டுட்டேன்."

அண்ணனும் அப்பாவும் கட்டிலை மறுபடி நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். எனக்கோ மெஷினைவிட, நான் இப்போது வெறும் ஆறாம் வகுப்பு மாணவி என்பதுதான் பெரிய நிம்மதி. நீங்களும் சித்தப்பாவும் நீண்ட காலம் நோய்நொடியில்லாமல், யாரையும் ஆளாமல் வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஜனாதிபதி

பி.கு.: உறை ஒட்டுவதற்குள் முன்னறையில் தேர்தல் நடந்துவிட்டது. இனி கஸ்டமர்களிடம் மனதில் பட்டதைச் சொல்லிவிட்டு, கோபித்துக்கொண்டால் "ஜனாதிபதி உள்ள இருக்கா, கேட்டுக்குங்க" என்று கைகாட்ட ஆள் வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். நான் நிற்கவே இல்லை, ஆனாலும் ஜெயித்துவிட்டேன். எனக்கு எதிராக விழுந்த ஒரே ஓட்டு என்னுடையது.