காகத்துக்கு வைத்த குறி

வருகிற வெள்ளிக்கிழமையோடு அந்தக் காகத்தின் கொட்டத்தை அடக்கிவிடுவதென்று நல்லரத்தினம் தீர்மானித்தார். சண்டை முடிந்த மறுவருசம் அது. ஓய்வுபெற்ற தபாற்கந்தோர் எழுதுவினைஞர் ஒருவருக்கு, மதிலில் காயும் கருவாட்டைக் காப்பதைவிடப் பெரிய போர் குருக்கள்மடத்தில் வேறென்ன மிஞ்சியிருந்தது?

காகம் கருவாட்டுச் சுளகிலிருந்து நல்ல துண்டாகப் பார்த்தே தூக்கியது. போதாததற்கு அவர் மனைவி இராசாத்தி அதற்குத் தனியாகச் சோறும் வைத்தாள்.

"அது மாமி" என்றாள்.

"என்ர அம்மா காகமா?"

"பாருங்களன். மீன்தலை இல்லாட்டிச் சோத்தைத் தொடுதா? சட்டி மூடியத் தட்டித் தட்டிக் குறை சொல்லுதா இல்லியா?"

அவருடைய தாய் சீதேவிப்பிள்ளையைச் சுனாமி கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. இருந்த காலத்தில் மாமிக்கும் மருமகளுக்கும் விடிந்தால் சண்டை. ஆனாலும் மகன் சோறு போட்டால் கிழவி தொடமாட்டாள். குசினிப் பக்கம் திரும்பி மருமகளைத்தான் கூப்பிடுவாள். இப்போது இராசாத்திக்குப் படைக்க ஒரு குழிமேடுகூட இல்லை. மதில்தான் உண்டு. காகம் வராமல் போனால், மாமி இரண்டாம் தரமும் போனமாதிரி.

நல்லரத்தினம் காத்தான்குடிக்கு பஸ் ஏறினார். கட்டாரிலிருந்து திரும்பியிருந்த பழைய நண்பர் பதியுதீன் ஒரு விளையாட்டுப் பிஸ்டலை எடுத்துக் கொடுத்தார். பிளாஸ்டிக் குண்டு. பட்டால் நுளம்புக் கடியைவிடக் கொஞ்சம் கூடவாக நோகும். அதன் முதுகில் பூட்டுவதற்கு, சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கண்ணாடிகளும் இரண்டு இருந்தன.

"குழாய்மாதிரி இருக்கிறது வேணாம் மச்சான், பாரம். பிஸ்டல் தலை குனிஞ்சிரும். இந்தச் சின்னக் கண்ணாடிய எடு. ரெண்டு கண்ணையும் திறந்து வெச்சே பாக்கலாம்."

"புள்ளி காகத்தில போய் விழுமா?"

"இல்ல, கண்ணாடிக்குள்ள உனக்கு மட்டும்தான் தெரியும். காகத்துக்கு ஒண்டும் தெரியாது."

அதுதான் அவருக்குப் பிடித்துப்போயிற்று. துவக்கென்று நினைத்துவிடுவார்களோ என்று குடைக்கம்பியை நீட்டிப் பிடிக்கவே ஊர் பயந்த சண்டைக்காலம் அவருக்கு மறக்கவில்லை. பிஸ்டலைப் பாண் பைக்குள் சுற்றி, பையை நெஞ்சோடு அணைத்து, வியர்த்து ஒழுகிக்கொண்டு வீடு வந்துசேர்ந்தார்.

மதிலில் ஒரு சிரட்டையை வைத்துக் குறி சரிபார்த்தார். வித்தையைத் தனியே வைத்திருக்க மனம் கேட்காமல் இராசாத்தியைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாருகா. இந்த ஆணி மேல கீழ. பக்கத்து ஆணி இடம் வலம். இந்தச் சாவியால திருகினாப் புள்ளி நகரும். குண்டு விழுற இடத்துக்குப் புள்ளியக் கொண்டுவரணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானாவா! இது விஞ்ஞானம்."

சிரட்டையில் சுட்டதெல்லாம் பட்டது. மத்தியானத் தூக்கம் முடித்து, எழுந்து காகத்தைச் சுட்டார். குண்டு ஒரு சாண் இடப்பக்கம் போனது. மறுநாள் காலையில் திரும்பவும் ஆணி திருகி, திரும்பவும் சிரட்டையை வென்று, பின்னேரம் காகத்தைச் சுட்டார். அதே ஒரு சாண் இடப்பக்கம். காகம் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. கணக்கில் கோட்டைவிட்ட நாட்களில் அம்மா பார்க்கும் அதே பார்வை.

வெள்ளிக்கிழமையும் காலையில் குறியைத் திருத்திவைத்தார். மத்தியானம் தூங்குவதுபோல் கிடந்து, அரைக்கண்ணால் பார்த்தார். இராசாத்தி பூனைநடை நடந்து வந்தாள். சாவியை எடுத்தாள். பக்கத்து ஆணியைத் திருகினாள். போனாள்.

நல்லரத்தினம் பாயிலேயே சிரித்துக்கொண்டார். குண்டு ஒரு சாண் இடப்பக்கம் போகுமானால், ஒரு சாண் வலப்பக்கம் குறி வைத்தால் தீர்ந்தது!

"இராசாத்தி, இண்டைக்குத் தவறினாப் பிஸ்டல் உனக்கு. காகத்துக்கு இனி நானே சோறு வைப்பன். பட்டா, காகத்துக்குச் சோறில்ல."

"சத்தியமா?"

"அம்மாறாணச் சத்தியமா."

மதிலில் காகம். அதற்கு ஒரு சாண் வலப்பக்கம், கருவாட்டுக்குக் காவலாக அவர் வளர்த்த கடுவன் பூனை, உறங்கிக்கொண்டு. அதற்கு அப்பால் சுளகு. நல்லரத்தினம் இரண்டு கண்ணையும் திறந்து, சிவப்புப் புள்ளியைக் கடுவனின் பின்புறத்தில் இருத்தி, விசையை இழுத்தார்.

குண்டு புள்ளி நின்ற இடத்திலேயே பட்டது. இம்மியும் பிசகவில்லை.

கடுவன் ஆகாயத்துக்குக் கிளம்பிச் சுளகில் இறங்கியது. சுளகு ஒழுங்கைக்குள் கவிழ்ந்தது. குருக்கள்மடத்துக் காகமெல்லாம் பந்திக்கு வந்து இறங்கின. கடல் ஒன்றுமே அறியாததுபோல் அந்தப் பக்கம் இரைந்துகொண்டிருந்தது.

"நீ... ஆணியத் திருகினியே?"

"சாவியப் பிடிச்சுக் கையத்தான் ஆட்டினன். குறட்டை இல்லாம நீங்க நித்திரை கொண்டத இண்டைக்குத்தானே கண்டன்." இராசாத்தி பிஸ்டலுக்குக் கையை நீட்டினாள். "நாளைக்கு மீன்தலைய மறந்திராதீங்க. மாமிக்குக் கோபம் வரும்."

மறுநாள் நல்லரத்தினம் குளித்து, திருநீறு பூசி, மீன்தலையோடு சோற்றை மதிலில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காகம் வந்தது. சோற்றைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. பிறகு குசினிப் பக்கம் திரும்பி, மருமகளைக் கூப்பிட்டது.