வாயைத் திறக்கச் சொன்ன மச்சானுக்கு

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் தாழ்மையுடன் எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் தங்கை நலம், பிள்ளைகள் நலம், என் வலது கன்னமும் நலம். இடது கன்னத்தைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கே நீங்களும் பெயின்ட் கடையும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். யோசனை சொன்னவருக்குச் சேதம் வந்ததாக இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

போன மாதம் போனில் நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "ஆள் தேவைன்னு போர்டு மாட்டினப்புறம் போய் நிக்கிறவன் மடையன், மாப்பிள்ளை. அதுக்கு முன்னாடியே முதலாளியை நேர்ல பிடிக்கணும். உங்களுக்கு வாய்தான் திறக்க மாட்டேங்குது. போய் வாயைத் திறங்க!" என்றீர்கள். இந்த மாதக் கடைசிக்குள் ஒன்றும் அமையாவிட்டால் உங்கள் கடைக்கே வந்துவிட வேண்டும் என்றும் சொன்னீர்கள். நான் வேலை பார்த்த லாட்ஜை மூடிவிட்டார்களே என்ற இரக்கத்தில் சொன்னீர்கள், தெரியும். ஆனால் மூடிய புதிதில் ஒரு வாரம் உங்கள் கடையில் கூடமாட நின்றேனே, அப்போது வாடிக்கைக்காரர்கள் முன்னால் "மாப்பிள்ளை, சிந்தினதைத் துடைங்க மாப்பிள்ளை, ஐயோ, துடைக்கக்கூடத் தெரியலையே மாப்பிள்ளை" என்று நீங்கள் கொடுத்த மரியாதை இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. அதிலிருந்து தப்பிக்க நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன். செய்தும்விட்டேன்.

எங்கள் தெருமுனைப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் வேலையை விடப்போகிறாள் என்று மாடி வீட்டு அம்மாள் உங்கள் தங்கையிடம் சொன்னார். டாக்டர் இன்னும் யாரிடமும் மூச்சு விடவில்லையாம். லாட்ஜ் மேசையில் உட்கார்ந்து எத்தனையோ குடிகாரர்களைச் சாவி கொடுத்துத் தூங்க அனுப்பியவன் நான், எனக்கா இந்த வேலை வராது என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனால், வாசலிலேயே அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். "என்ன விஷயம் சார்?" என்கிறாள். அவள் முகத்தைப் பார்த்து உன் நாற்காலிக்குத்தான் வந்தேன் என்று எப்படிச் சொல்வது? கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "பல்வலிம்மா" என்று சொல்லிவிட்டேன். டோக்கனைக் கொடுத்துவிட்டாள்.

உள்ளே போய் "வணக்கம் டாக்டர், நான் வந்த காரியம்" என்று ஆரம்பிப்பதற்குள் நாற்காலி மல்லாந்துவிட்டது, நானும் கூடவே மல்லாந்துவிட்டேன். "வாயைத் திறங்க" என்றார். மச்சான் சொன்ன அதே வார்த்தை! நல்ல சகுனம் என்று நம்பித் திறந்தேன். கண்ணாடி, கொக்கி, எச்சிலை உறிஞ்சும் குழாய் என்று என்னென்னவோ உள்ளே போயின, வெளியே வரவேண்டிய பேச்சுக்குத்தான் வழியில்லை. சொத்தை இருக்கிறது என்று ஊசியும் போட்டார். நானும் விடாமல், மரத்துப்போன நாக்கை வைத்துக்கொண்டு லாட்ஜ் அனுபவத்தையெல்லாம் விளக்கினேன். "இன்னும் வலிக்குதா? இன்னொரு ஊசி போட்டுடலாம்" என்றார். அதோடு அடங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் உங்கள் தங்கை ஆவலாக, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்றாள். ராத்திரியும் பல் தேய்க்கச் சொன்னார் என்றேன். அவள் பார்த்த பார்வை இருக்கிறதே!

மறுவாரம், அதாவது நேற்று, திரும்பவும் போனேன். "தனியா விட்டா வாய் மொத்தத்தையும் குடுத்துட்டு வருவீங்க" என்று உங்கள் தங்கையும் கூடவே வந்து வெளியே உட்கார்ந்துகொண்டாள். இந்தத் தடவை நின்றுகொண்டே பேசுவது என்று முடிவு செய்திருந்தேன். "உட்காருங்க" என்றார். "இல்ல டாக்டர், நின்னுக்கிட்டே" என்றேன். "பயப்படாதீங்க, எல்லாரும் இப்படித்தான்" என்று நர்ஸ் தோளைப் பிடித்து ஒரே அமுக்கு. போன தடவை அடைத்த பல் ஜோராக இருக்கிறதாம், அதற்குப் பின்னால் இருக்கும் கடைவாய்ப் பல்தான் கோணலாம், எடுத்தே ஆகவேண்டுமாம். எடுத்தார். நடுவில், மேசைப் பெண் சாப்பிடப் போன நேரம் பார்த்து வெளியே டோக்கன் சண்டை. கூச்சல் காதைப் பிளக்க, டாக்டர் எழுந்து போனார். நான் வாயைப் பிளந்துகொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தேன். கூச்சல் அடங்கி வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. மிச்சத்தைப் பிடுங்கி, பஞ்சைத் திணித்து, "நாளைக்கு வரைக்கும் பேசக் கூடாது" என்றார்.

இதற்கு மேல் பொறுக்க முடியுமா? அவர் பேனாவைப் பிடுங்கி, மருந்துச் சீட்டின் பின்னால், அந்த வரவேற்பு வேலையை எனக்குக் கொடுங்கள் என்று எழுதி நீட்டினேன். படித்துவிட்டு, "அடடா, மொதல்லயே வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? இப்பத்தானே வெளியில ஒருத்தங்களுக்குக் குடுத்துட்டு வந்தேன்" என்றார். வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டுமாம், மச்சான்!

ஊசி வாங்கியது நான், பல்லைக் கொடுத்தது நான். எவனோ ஒரு கிராதகன் வெளியே நோகாமல் உட்கார்ந்திருந்து தட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் உருப்படுவானா? இப்படிப்பட்ட ஆளோடு குடும்பம் நடத்துகிற ஜீவன் எதுவோ, அது பாவம். எனக்கு அழுகையாக வருகிறது மச்சான், நிஜமாகவே. திங்கட்கிழமை காலை கடைக்கு வந்துவிடுகிறேன். துடைக்கிற துணியை எடுத்து வையுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்களிடம் வேலை பார்க்கும் அனைவருக்கும் என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் தங்கை வாங்கிப் படித்துவிட்டாள். அந்தக் கிராதகி அவள்தானாம்! டோக்கன் சண்டையைத் தீர்த்து எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்தது இவள். பார்த்துக்கொண்டே நின்ற டாக்டர், "நீங்க எங்கேயாவது வேலை பார்க்கறீங்களா?" என்றாராம். "திங்கட்கிழமையிலேருந்து இங்கதான்" என்றாளாம். நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "உங்களை டாக்டர் பேசக் கூடாதுன்னாரே, கேட்டா சும்மா இருப்பீங்களா?" என்கிறாள். பிறகு கொஞ்சம் மெதுவாக, "அண்ணன் கடையில தரையைத் துடைச்சுக்கிட்டு நின்னீங்களே, அன்னிக்கு வாசல் வரைக்கும் வந்து பார்த்துட்டுத் திரும்பிட்டேன். இன்னொரு தரம் அதை என்னால பார்க்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆகவே மேலே உள்ள சாபங்களையெல்லாம் தயவுசெய்து அடித்துவிடவும். திங்கட்கிழமை நான் வரவில்லை. அவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து, கூடவே நடந்து போய் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வரவேண்டும். வாசல் வரைக்கும்தான். உள்ளே கால் வைக்க மாட்டேன்.